தெல்ச்: குளங்கள் சூழ்ந்த ஒரு செக் சந்தை நகரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெல்ச் எங்கே இருக்கிறது?

செக் குடியரசின் தெற்குப் பகுதியில், பிராகிலிருந்து சாலை வழியாகத் தென்கிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வடக்கே யிஹ்லவா, மேற்கே யிந்த்ரிஹூவ் ஹ்ரதெட்ஸ், தெற்கே தாசிட்ஸே ஆகியவை அருகிலுள்ள நகரங்கள். இன்னும் தெற்கே போனால் ஸ்லாவோனிட்ஸே என்ற சிற்றூரைத் தாண்டியவுடன் ஆஸ்திரிய எல்லை வந்துவிடும். மக்கள்தொகை ஐந்தாயிரத்தைச் சற்றே தாண்டும். நிர்வாகத்தில் இன்று விசோசினா மண்டலத்தைச் சேர்ந்தது. அந்த மண்டலம் போஹீமியா, மொராவியா என்ற இரண்டு பழைய நாடுகளின் எல்லைக்கோட்டின் மேலேயே அமைந்திருக்கிறது. தெல்ச் மொராவியாவின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் அதன் வரலாற்றில் போஹீமியப் பிரபுக்கள் அடிக்கடி தலைகாட்டுகிறார்கள்.

நிலமும் தட்பவெப்பமும் எப்படிப்பட்டவை?

விசோசினா ஓர் உயர்நிலம். ஆனால் செங்குத்தான மலைகள் கிடையாது. காடும் வயலும் மாறி மாறி வரும் மேடுபள்ளங்கள்தாம். தெல்ச் கடல்மட்டத்துக்கு மேல் 500 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில், ஒரு தாழ்வான படுகையில் இருக்கிறது. அதற்கு மேற்கே இவ்வுயர்நிலத்தின் மிக உயர்ந்த சிகரமான யாவோர்ஷிட்ஸே 837 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அங்கே ஐரோப்பாவின் பெரிய நீர்ப்பிரிகோடுகளில் ஒன்று செல்கிறது: அதன் ஒரு சரிவில் விழும் மழைநீர் வ்ல்தாவா, எல்பே ஆறுகள் வழியாக வடகடலுக்கும், மறு சரிவில் விழுவது தியே, மொராவா, தன்யூப் ஆறுகள் வழியாகக் கருங்கடலுக்கும் போய்ச் சேருகின்றன. தெல்ச்சின் ஓடைகள் கருங்கடல் பக்கத்தைச் சேர்ந்தவை. அவை மொராவிய தியே ஆற்றில் கலக்கின்றன. அந்த ஆறு எல்லையைக் கடந்து, ஆஸ்திரியாவின் ராப்ஸ் என்ற ஊரில் அந்நாட்டுக் கிளையோடு சேர்ந்து முழு தியே ஆறாகிறது.

குளிர்காலம் நீண்டது, மண்ணும் வளமானது அல்ல. திராட்சை விளையும் தெற்கு மொராவியாவைப் போலன்றி, ரை தானியமும் உருளைக்கிழங்கும் நாருக்கான ஆளிச் செடியும்தான் இப்பகுதியின் பழைய பயிர்கள். மண் கொடுக்காததைத் தண்ணீரிலிருந்தும் வாணிபத்திலிருந்தும் எடுக்க வேண்டியிருந்தது என்பதை மனத்தில் கொண்டால் இந்த ஊரின் வரலாறு எளிதாக விளங்கும்.

இது கிராமமா, சந்தையூரா, நகரமா?

செக் சட்டப்படி இன்று நகரம். கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடைப்பட்ட சந்தையூர் என்ற தகுதியும் அந்நாட்டில் உண்டு. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் வழக்கொழிந்த அத்தகுதி 2006இல் மீண்டும் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. இடைக்காலத்தில் சந்தை கூட்டும் உரிமை தானாக வந்துவிடாது. அரசரோ நிலப்பிரபுவோ வழங்க வேண்டும். அந்த உரிமை கிடைத்த இடத்தில் வணிகரும் கைவினைஞரும் குடியேறுவார்கள், பிரபுவுக்கு வரியும் சுங்கமும் சேரும். தெல்ச்சின் நடுவே இருக்கும் நீண்ட சதுக்கம் முதலில் ஒரு சந்தைத் திடல்தான். ஊரின் மற்ற எல்லாமே அதைச் சுற்றி வளர்ந்தவை.

ஊர் எப்போது தோன்றியது?

1099ஆம் ஆண்டில் ஒரு மொராவிய இளவரசர் போரில் வென்றதன் நினைவாக இங்கே ஒரு சிறு வழிபாட்டிடம் எழுப்பினார் என்றும், அதையொட்டி ஊர் வளர்ந்தது என்றும் ஒரு பழங்கதை உண்டு. அதை வரலாறாகக் கொள்ள ஆதாரம் இல்லை. இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது தூய ஆவி ஆலயத்தின் கோபுரம். கோத்திக் பாணிக்கு முந்தைய ரோமனெஸ்க் பாணிக் காலத்தின் இறுதியில், 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கட்டப்பட்ட அதன் உயரம் 49 மீட்டர்.

எழுத்துச் சான்று 14ஆம் நூற்றாண்டில் கிடைக்கிறது. பின்னாளில் பேரரசர் நான்காம் சார்ல்ஸ் ஆன இளவரசர், 1330களில் இத்தாலியிலிருந்து திரும்பி வந்தபோது அரச குடும்பத்தின் கோட்டைகள் பல அடகில் இருந்தன. தாம் மீட்ட மொராவியக் கோட்டைகளைத் தம் தன்வரலாற்றில் பெயர் சொல்லிப் பட்டியலிடும்போது ப்ர்னோ, ஓலமோட்ஸ், ஸ்னோய்மோ ஆகியவற்றோடு தெல்ச்சையும் சேர்த்திருக்கிறார். ஒரு பேரரசரின் சொந்த எழுத்தில் இடம்பெற்ற சிற்றூர்கள் அதிகம் இல்லை என்பதால் இதைக் குறிப்பிடத் தோன்றுகிறது. ஆனால் மீட்ட கோட்டை அரசரிடம் நெடுநாள் தங்கவில்லை. 1339இல் சார்ல்ஸின் தந்தையான அரசர் யான், ஹங்கேரி எல்லையிலிருந்த பானோவ் கோட்டையைப் பெற்றுக்கொண்டு, தெல்ச்சை ஹ்ரதெட்ஸ் குடும்பத்தின் மூன்றாம் ஓல்த்ரிஹுக்குக் கொடுத்துவிட்டார். அரசருக்கு எல்லைக் காவல் முக்கியமாக இருந்தது. ஓல்த்ரிஹுக்கோ தம் நிலங்களுக்குப் பக்கத்திலேயே ஓர் ஊர் கிடைத்தது. இரு தரப்புக்கும் ஆதாயமான அந்தப் பண்டமாற்றிலிருந்துதான் நாம் இன்று காணும் தெல்ச் தொடங்குகிறது.

ஹ்ரதெட்ஸ் குடும்பத்தார் யார்?

தென் போஹீமியாவின் பெரும் நிலப்பிரபுக்களான வீத்கோவ் மரபின் ஒரு கிளையினர். மூதாதையான வீதெக் தம் நிலங்களை ஐந்து மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறத்தில் ஐந்து இதழ் ரோஜாவைச் சின்னமாக வழங்கினார் என்பது மரபுக்கதை. ரோஷ்ம்பெர்க் கிளைக்குச் சிவப்பு ரோஜா, ஹ்ரதெட்ஸ் கிளைக்கு நீலப் பின்னணியில் பொன் ரோஜா. தெல்ச்சைச் சுற்றி நடப்பவர்கள் இந்தச் சின்னத்தைத் தேடிப் பார்க்கலாம்.

இவர்கள் சந்தைத் திடலின் ஒரு முனையில் கோட்டையை வைத்து, திடலின் இருபுறமும் குடிமக்களுக்கு வீட்டுமனைகளை ஒதுக்கி, எல்லாவற்றையும் சுற்றி மதில் எழுப்பினார்கள். 1386இல் ஒரு பெருந்தீ ஊரை அழித்தது. அதன் பிறகு மரத்துக்குப் பதில் கல்லால் வீடுகள் எழும்பின. 1423இல், சமயச் சீர்திருத்தவாதி யான் ஹூஸைப் பின்பற்றியவர்கள் நடத்திய ஹூசைட் போர்களின்போது, யான் ஹ்வியெஸ்தா தலைமையில் வந்த படை ஊரைக் கைப்பற்றியது. 1530இல் மறுபடி தீ.

ஊரைச் சுற்றி ஏன் இத்தனை குளங்கள்?

தெல்ச்சைப் புரிந்துகொள்ள இதுவே முதன்மையான கேள்வி என்பது என் கருத்து. உலிட்ஸ்கி, ஷ்த்யெப்னிட்ஸ்கி, ஸ்தரோம்யெஸ்ட்ஸ்கி என்ற மூன்று குளங்களும் ஊரின் பழைய பகுதியை ஏறக்குறைய ஒரு தீவாக்கி வைத்திருக்கின்றன. இவற்றில் ஒன்றுகூட இயற்கை ஏரி அல்ல. ஓடைக்குக் குறுக்கே மண்கரை எழுப்பி, சதுப்பு நிலத்தைக் குளமாக்கினார்கள். தாழ்வான படுகையில் இருக்கும் ஊருக்குக் குன்றின் பாதுகாப்பு கிடையாது. ஆகவே எதிரி நெருங்க முடியாதபடி தண்ணீரை அரணாக்கினார்கள். மதிலுக்கு வெளியே குளம், குளத்துக்கு வெளியே சேறு என்றால் முற்றுகையிட வருபவனின் வேலை பெரிதும் கடினமாகிவிடும்.

அரணாகத் தொடங்கிய குளம் நாளடைவில் வருமானமும் ஆயிற்று. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் தென் போஹீமியா, மேற்கு மொராவியா முழுவதும் பிரபுக்கள் போட்டி போட்டுக்கொண்டு குளம் வெட்டினார்கள். கத்தோலிக்கரின் நோன்பு நாள்களில் இறைச்சி விலக்கப்பட்டிருந்ததால் மீனுக்கு எப்போதும் சந்தை இருந்தது. தானியம் சரியாக விளையாத நிலத்தில் கெண்டை வளர்ப்பு நல்ல இலாபம் தந்தது. அந்த முறை இன்றும் பெரிதாக மாறவில்லை. இலையுதிர்காலத்தில் மதகைத் திறந்து நீரை மெல்ல மெல்ல வடிப்பார்கள், மீன்கள் கரையோரம் உள்ள ஆழமான பள்ளத்தில் ஒதுங்கும், ஆள்கள் இடுப்பளவு ரப்பர் உடையில் இறங்கி வலையை வட்டமாக இழுப்பார்கள். பிடித்த கெண்டைகளைத் தெளிந்த நீரில் சில வாரம் விட்டால் சேற்று வாடை போய்விடும். பிறகு அவை கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போகும். செக் வீடுகளில் கிறிஸ்துமஸ் முந்தைய இரவின் உணவு வறுத்த கெண்டையும் உருளைக்கிழங்கு சாலடும்தான்.

சதுக்கத்தின் வீடுகள் எப்படி இவ்வளவு ஒத்திசைவாக அமைந்தன?

அதற்குக் காரணமானவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் ஹ்ரதெட்ஸ் குடும்பத்தின் ஸகரியாஷைத்தான் சொல்ல வேண்டும். 1550இல் தெல்ச் அவர் கைக்கு வந்தபோது இருபதுகளில் இருந்தார். அடுத்த ஆண்டே செக் பிரபுக்களின் ஒரு குழுவோடு ஜெனோவாவுக்குப் பயணமானார். இத்தாலியின் மறுமலர்ச்சிக் கட்டடங்களை நேரில் கண்டு திரும்பியவர், இடைக்காலக் கோத்திக் பாணியிலிருந்த தம் இருண்ட கோட்டையை மாற்றத் தொடங்கினார். 1553இல் வால்த்ஷ்டெய்ன் குடும்பத்தின் செல்வ மகளான கதரீனாவை மணந்ததால் பணத்துக்கும் குறைவு இருக்கவில்லை. அந்தோனியோ என்ற இத்தாலியக் கட்டடக்காரரும், அவருக்குப் பின் பல்தசாரே மஜ்ஜியும் பணியை நடத்தினார்கள்.

கோட்டைக்கு வந்த கொத்தனார்கள் ஊரிலும் வேலை செய்தார்கள். குடிமக்கள் தங்கள் கோத்திக் வீடுகளை இடித்துத் தள்ளவில்லை. முகப்பை மட்டும் புதுப்பித்தார்கள். கீழே தெருவை நோக்கிய வளைவு மண்டபம், மேலே ஓர் அல்லது இரு மாடி, உச்சியில் வளைந்தும் படிப்படியாகவும் ஏறும் முக்கோண முகடு என்ற அமைப்பு ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் பொதுவாயிற்று. மனைகளின் அகலம் இடைக்காலத்திலேயே அளந்து விடப்பட்டிருந்ததால் எந்த வீடும் அடுத்த வீட்டை அமுக்கவில்லை. பின்னர் அலங்காரம் மிகுந்த பரோக் பாணியின் காலத்தில் சில முகடுகளை மாற்றினார்கள், வண்ணங்களும் மாறின. ஆனால் கீழே உள்ள வளைவு மண்டபங்கள் அப்படியே தொடர்ந்தன. மழை பெய்தாலும் பனி விழுந்தாலும் சந்தைக்கு வந்தவர் சதுக்கத்தின் ஓரமாக நனையாமல் நடக்கலாம், கடைக்காரர் தம் சரக்கை வாசலிலேயே பரப்பலாம். அழகுக்காக மட்டும் அவற்றைக் கட்டியிருந்தால் இத்தனை தலைமுறைகள் விட்டுவைத்திருப்பார்களா என்பது ஐயமே.

எந்த வீட்டை நின்று பார்க்க வேண்டும்?

61ஆம் எண் வீட்டை. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அது மிஹல் என்ற ரொட்டிக்காரருக்குச் சொந்தமாக இருந்தது. அவர் நகர்மன்ற உறுப்பினரும்கூட. 1555இல் அதன் முகப்பு புதுப்பிக்கப்பட்டு, சுவர் முழுவதும் பழைய ஏற்பாட்டுக் காட்சிகள் சுரண்டல் சித்திரங்களாக வரையப்பட்டன. ஸ்கிராஃபிட்டோ எனப்படும் இந்த வேலைக்கு முதலில் கரி கலந்த கருமையான காரையைப் பூசுவார்கள். அதன்மேல் மெல்லிய வெள்ளைச் சுண்ணாம்பைப் பூசி, அது காய்வதற்குள் கூரான கருவியால் சுரண்டினால் அடியிலுள்ள கருமை கோடாகத் தெரியும். பூச்சு உலர்ந்துவிட்டால் திருத்த முடியாது. எனவே ஒரு நாளில் முடிக்கக்கூடிய பரப்பை மட்டுமே பூசி வேலை செய்ய வேண்டும். அருகே நின்று பார்த்தால் ஆடையின் மடிப்புகளில் கருவி தயங்காமல் ஓடியிருப்பது தெரியும்.

15ஆம் எண் வீட்டிலும் இதே வகை வேலை உண்டு. சிலுவைக் காட்சி, புனித கிறிஸ்டோபர், விசுவாசம், நீதி ஆகியவற்றின் உருவங்கள் அங்கே இருக்கின்றன. ஒரு ரொட்டிக்காரர் தம் வீட்டுச் சுவரில் வேதாகமத்தையே எழுதிவைக்கும் அளவுக்கு வசதி பெற்றிருந்தார் என்பதே அன்றைய சந்தையின் நிலையைச் சொல்கிறது.

கோட்டைக்குள் என்ன இருக்கிறது?

பின்வந்த உரிமையாளர்கள் அதிகம் கைவைக்காததால் 16ஆம் நூற்றாண்டின் உள்ளமைப்பு வியக்கத்தக்க அளவு எஞ்சியிருக்கிறது. பொன் மண்டபத்தின் கூரை, கட்டம் கட்டமாகச் செதுக்கிப் பொன் பூசிய மரத்தால் ஆனது. வீரர் மண்டபத்தின் கூரையில் ஹெர்குலிஸின் சாகசங்கள் தீட்டப்பட்டுள்ளன. தரைத்தளத்தில் உள்ள அனைத்துப் புனிதர் சிற்றாலயத்தில் ஸகரியாஷும் கதரீனாவும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கல்லறையைச் சுற்றியுள்ள இரும்புக் கிராதியின் வேலைப்பாட்டையும் சுவரெங்கும் படர்ந்த சுதைச் சிற்பங்களையும் அவசரமின்றிப் பார்க்க வேண்டும்.

ஸகரியாஷுக்குப் பின் ஊர் யாரிடம் போனது?

அவர் 1589இல் இறந்தார். ஹ்ரதெட்ஸ் குடும்பத்தின் ஆண்வாரிசு 1604இல் அற்றுப்போயிற்று. சொத்து முழுவதும் லூட்சியே ஓதிலியே என்ற பெண்ணின் வழியாக அவருடைய கணவர் வில்லெம் ஸ்லவதாவைச் சேர்ந்தது. வரலாற்றுப் பாடத்தில் இவரைப் பலர் பெயர் தெரியாமலே சந்தித்திருப்பார்கள். 1618 மே 23 அன்று பிராக் கோட்டையின் சன்னலிலிருந்து புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் தூக்கி எறிந்த அரச ஆளுநர்கள் இருவரில் ஒருவர் இவர்தான். முப்பதாண்டுப் போருக்கு வித்திட்ட அந்தச் சம்பவத்தில் எறியப்பட்ட மூவரும் (ஆளுநர் இருவரும் ஒரு செயலரும்) உயிர் பிழைத்தார்கள். ஸ்லவதா 1652 வரை வாழ்ந்தார்.

அவருடைய மகனின் கைம்பெண்ணான ஃபிரான்டிஷ்கா 1651இல் கத்தோலிக்கத் துறவியரான ஏசு சபையினரைத் தெல்ச்சுக்கு வரவழைத்துக் கல்லூரி கட்டிக்கொடுத்தார். கோட்டைக்கருகே இரட்டைக் கோபுரங்களோடு நிற்கும் இயேசுவின் திருநாம ஆலயம் 1660களில் அவர்கள் எழுப்பியது. 1773இல் சபை கலைக்கப்படும்வரை ஊரின் கல்வியும் இசையும் பெருமளவு அவர்கள் கையில் இருந்தன. சதுக்கத்தின் நடுவிலுள்ள மரியன்னைத் தூண் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. 1762இல் கோட்டையும் பண்ணையும் போத்ஸ்தத்ஸ்கி குடும்பத்துக்கு வந்தன. இரண்டாம் உலகப்போர் முடிந்து 1945இல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை அவர்களிடமே இருந்தன.

பழைய ஊர் இவ்வளவு கெடாமல் எப்படித் தப்பியது?

பெரிய வளர்ச்சி இங்கே வராமல் போனதுதான் முதற்காரணம். 19ஆம் நூற்றாண்டில் ப்ர்னோ போன்ற நகரங்கள் மதிலை இடித்து ஆலைகளுக்கும் அகன்ற சாலைகளுக்கும் வழிவிட்டன. தெல்ச்சுக்கோ ரயிலே 1898இல்தான் வந்தது. அதுவும் யிஹ்லவாவுக்கு அருகிலுள்ள கொஸ்தெலெட்ஸிலிருந்து பிரிந்துவரும் ஒரு கிளைப்பாதை. 1902இல் அது ஸ்லாவோனிட்ஸே வரை நீண்டது, அடுத்த ஆண்டு ஆஸ்திரியப் பாதையோடு இணைந்தது. 1945க்குப் பின் அந்த எல்லைத் தொடர்பும் அறுந்து, கம்யூனிஸ்ட் நாடுகளை மேற்கிலிருந்து பிரித்த இரும்புத்திரைக் காலத்தில் இப்பகுதி முழுவதும் நாட்டின் ஒதுக்குப்புறமாயிற்று. குளங்களும் தம் பங்கைச் செய்தன: ஊர் விரிய வேண்டுமானால் தண்ணீருக்கு அப்பால்தான் விரிய முடியும். ஆகவே புதிய வீடுகளும் ரயில் நிலையமும் வெளியே அமைந்தன, பழைய சதுக்கம் தொடப்படவில்லை.

இந்த அமைதியான வரலாற்றில் ஓர் ஆறாத இழப்பையும் சொல்லாமல் விடக்கூடாது. தெல்ச்சிலும் யூதக் குடும்பங்கள் தலைமுறைகளாக வணிகம் செய்து வாழ்ந்தன. 1942 மே மாதம் இவ்வட்டார யூதர்கள் த்ரெபீச் வழியாக நாஜிகளின் தெரெசீன் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். மிகச் சிலரே உயிரோடு திரும்பினார்கள்.

யுனெஸ்கோ எப்போது அங்கீகரித்தது?

1992இல். செக்கோஸ்லொவாகியாவின் செக் பகுதியிலிருந்து உலக மரபுச் சின்னப் பட்டியலில் முதன்முதலாகச் சேர்ந்தவை மூன்று: பிராகின் வரலாற்று மையம், செஸ்கி க்ரும்லோவ், தெல்ச். தலைநகரோடும் புகழ்பெற்ற க்ரும்லோவோடும் ஐந்தாயிரம் பேர் வாழும் ஊர் ஒரே ஆண்டில் சேர்ந்தது தகுதியான சிறப்பே.

இன்று ஊர் மக்கள் சுற்றுலாவை மட்டும் நம்பியா வாழ்கிறார்கள்?

இல்லை. பழைய ஏசு சபைக் கல்லூரியில் ப்ர்னோவின் மசாரிக் பல்கலைக்கழகத்தின் மையம் இயங்குகிறது. செக் அறிவியல் கழகத்தின் இயந்திரவியல் நிறுவனம் இங்கே ஓர் ஆய்வு மையம் வைத்திருக்கிறது. அங்குள்ள காற்றுச் சுரங்கத்தில் காற்று, மழை, வெப்பம் ஆகியவை பழங்கட்டடங்களின் கல்லையும் காரையையும் எப்படித் தாக்குகின்றன என்று சோதிக்கிறார்கள். சதுக்கத்து வீடுகளைக் காப்பதற்குத் தேவையான அறிவு அதே ஊரிலேயே உருவாவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. கோடையில் நடக்கும் ‘தெல்ச்சில் விடுமுறை’ இசைவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து இளைஞர்கள் வருகிறார்கள்.

அருகில் வேறு என்ன பார்க்கலாம்?

யாவோர்ஷிட்ஸே சரிவிலுள்ள ரோஷ்டெய்ன் கோட்டை, காட்டுக்குள் நிற்கும் பல பக்கக் கோபுரத்தோடு கூடியது. ஸகரியாஷ் அதை வேட்டை மாளிகையாக மாற்றினார். மேற்கே ம்ராகோட்டீன் என்ற சந்தையூர் கருங்கல்லுக்குப் பெயர்பெற்றது. பிராக் கோட்டையின் மூன்றாம் முற்றத்தில் நிற்கும் ஒற்றைக்கல் தூண் அங்கே வெட்டியெடுக்கப்பட்டது. யோஷே ப்லெச்னிக் வடிவமைத்த அந்தத் தூண் முதல் உலகப்போரில் மாண்டவர்களுக்கான நினைவு. முதலில் வெட்டிய கல் உடைந்துபோகவே மறுபடி வெட்டி, 1928இல்தான் நிறுத்தினார்கள்.

எப்படிப் போவது? எத்தனை நாள் தங்கலாம்?

பிராகிலிருந்தோ ப்ர்னோவிலிருந்தோ பேருந்து எளிது. சில சமயம் யிஹ்லவாவில் மாற வேண்டியிருக்கும். ரயிலில் வருபவர் கொஸ்தெலெட்ஸில் இறங்கிக் கிளைப்பாதை வண்டியைப் பிடிக்க வேண்டும். நேரம் கூடுதலாகும், ஆனால் உயர்நிலத்தின் காடுகளையும் குளங்களையும் பார்த்துக்கொண்டே வரலாம். நிலையத்திலிருந்து சதுக்கத்துக்கு நடந்தே போய்விடலாம். பலர் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். ஓர் இரவாவது தங்குவது நல்லது. கோட்டையின் உள்ளே வழிகாட்டியோடுதான் செல்ல முடியும் என்பதால் அதற்கே அரை நாள் போய்விடும், மீதி நேரம் குளக்கரைகளைச் சுற்றி நடக்கத் தேவைப்படும். குளிர்காலத்தில் கோட்டையின் பார்வை நேரம் குறையும் அல்லது மூடியிருக்கும். எனவே மே முதல் செப்டம்பர் வரை பொருத்தமான காலம். கெண்டை பிடிப்பதைப் பார்க்க விரும்புபவர் மட்டும் அக்டோபரில் வரலாம், தேதியை முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.